ஹாலிவுட்டைக் கிண்டல் செய்யும் மேடை நாடகத்தைத் திரைக்கதை ஆக்குவது: முழுமையான வழிகாட்டி

வெற்றி பெற்ற ஒரு நகைச்சுவை நாடகத்தைக் கையில் கொடுத்துப் படமாக எழுதச் சொன்னால், புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கதையை அறைக்கு வெளியே இழுத்துப் போய்விடுகிறார்கள். கடற்கரையில் ஒரு காட்சி, ஓடும் காரில் ஒரு காட்சி, விருந்தில் நூறு பேர் என்று பட்டியல் வளரும். பத்து நாளில் பக்கங்கள் சேர்ந்துவிடும், சிரிப்பு காணாமல் போயிருக்கும். வெளியே போவது தவறில்லை. ஆனால் அது இந்த வழிகாட்டியில் ஏழாவது படி. அதற்கு முன் ஆறு வேலைகள் இருக்கின்றன, அவற்றின் வரிசையை மாற்றினால் கட்டாயம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே நாடகத்தைப் பிடித்துக்கொள்கிறேன். மாஸ் ஹார்ட்டும் ஜார்ஜ் எஸ். காஃப்மனும் சேர்ந்து எழுதிய 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்'. 1930 செப்டம்பரில் நியூயார்க்கின் மியூசிக் பாக்ஸ் அரங்கில் தொடங்கி 406 காட்சிகள் ஓடியது. யுனிவர்சல் நிறுவனம் 1932இல் படமாக்கியது.

கதை இதுதான். 'தி ஜாஸ் சிங்கர்' வந்து சினிமா பேச ஆரம்பித்த நேரம். மேடையில் பிழைப்பு மங்கிப்போன மே, ஜெர்ரி, ஜார்ஜ் என்ற மூன்று பேர், ஊமைப்பட நட்சத்திரங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தலாம் என்று ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறுகிறார்கள். மூவரில் மந்தமானவன் ஜார்ஜ். அவன்தான் அங்கே மேதை என்று கொண்டாடப்படுகிறான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாடகத்தின் அச்சுப் பிரதி. அமெரிக்க நாடகங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான பதிப்பு கிடைக்கும்: படிப்பதற்கான பதிப்பு, நடிப்பவர்களுக்கான பதிப்பு. இரண்டாவதை வாங்குங்கள். யார் எந்தக் கதவு வழியாக வருகிறார், கையில் என்ன இருக்கிறது, எந்த நொடியில் மணி அடிக்கிறது என்பதெல்லாம் அதில்தான் விரிவாக இருக்கும். நகைச்சுவையில் பாதி அந்தக் குறிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

வாய்விட்டுப் படிக்க ஆறேழு பேர். இந்த நாடகத்தில் பாத்திரங்கள் ஏராளம், ஒருவரே நான்கைந்து வேடம் படிக்கலாம்.

அந்தக் காலத்து ஸ்டூடியோ பற்றிய அடிப்படை அறிவு. ஒலி வந்த புதிதில் கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாதபடி அதைக் கேமராமேனோடு சேர்த்து ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்துவைத்து, நடிகரை அதன் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்கள். இது தெரியாமல் எழுதினால், உங்கள் படப்பிடிப்புக் காட்சி எந்தக் காலத்திலும் நடக்காத ஒன்றாக இருக்கும்.

ஏற்கெனவே வந்த படத்தை மட்டும் இப்போது பார்க்காதீர்கள். உங்கள் ஒன்லைன் (நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லும் கதைச் சுருக்கம், ஆறாவது படியில் வருகிறது) முடிந்த பிறகு பாருங்கள். முன்பே பார்த்தால் அந்தத் திரைக்கதை ஆசிரியர் எடுத்த முடிவுகள் நாடகத்தின் இயல்பு போலவே உங்கள் மனதில் உட்கார்ந்துவிடும்.

2. உரிமையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். அமெரிக்காவில் நாடகத்தின் பதிப்புரிமை வழக்கமாக எழுதியவரிடமே இருக்கும். படத்துக்குக் கூலிக்கு எழுதிய திரைக்கதையோ நிறுவனத்தின் சொத்து. அதனால் நாடகத்துக்கு ஆசிரியரையோ அவர் வாரிசுகளையோ அவர்களின் முகவரையோதான் அணுக வேண்டும். மேடையில் போட வாங்கிய அனுமதி படம் எடுக்க உதவாது. புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

பழைய நாடகம் என்றால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். 1930இல் வெளியான நூல்கள் அமெரிக்காவில் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை, அதாவது யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்று கணக்கிடும் ஐரோப்பிய நாடுகளில் அப்படி இல்லை. ஹார்ட், காஃப்மன் இருவரும் 1961இல் இறந்தவர்கள், ஆகவே அங்கே 2031 முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஓடிடியில் உலகம் முழுக்க வெளியிட நினைப்பவர் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று: நாடகம் பொதுவுடைமை ஆனாலும், 1932 படத்தில் புதிதாகச் சேர்த்த காட்சியோ வசனமோ அதோடு சேர்ந்து வந்துவிடாது. அது தனிப் படைப்பு. மொழிபெயர்ப்பும் அப்படித்தான். எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று முதல் நாளிலிருந்தே குறித்துவைத்தால், பின்னால் வழக்கறிஞரிடம் உட்காரும்போது வேலை எளிது.

3. சிரிப்புக் கணக்கு எழுதுங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுங்கள். மொத்த வேலையும் இதன் மேல்தான் நிற்கிறது.

நாடகத்தை முழுவதுமாகச் சத்தமாகப் படிக்க வையுங்கள். எங்கெல்லாம் சிரிப்பு வருகிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில், சிரிப்பு எதனால் வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். வசனத்தாலா? ஆள் நுழைந்த நேரத்தாலா? திரும்பத் திரும்ப வந்ததாலா? மேடைக்கு வெளியே நடந்ததை ஒருவர் வந்து சொன்னதாலா? பார்ப்பவருக்கு முன்பே தெரிந்த ஒரு விஷயத்தாலா?

ஏன் இந்தப் பாடு? ஒவ்வொரு வகையும் திரைக்கு வரும்போது வேறுவிதமாக நடந்துகொள்ளும். வசனச் சிரிப்பு பெரும்பாலும் அப்படியே வரும். நுழைவுச் சிரிப்பு வராது. மேடையில் கதவு எப்போதும் பார்வையாளர் கண்ணில் இருக்கிறது, யார் வரப்போகிறார் என்ற எதிர்பார்ப்பும் அங்கேயே நிற்கிறது. படத்தில் ஷாட் மாறியதும் கதவு மறைந்துவிடும். அந்தச் சிரிப்பு வேண்டுமென்றால் கதவைச் சட்டகத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) வைத்தே காட்சியை எழுத வேண்டும்.

ஒரு பாத்திரத்தை நெருங்கிப் பார்ப்போம். லாரன்ஸ் வேல், நியூயார்க்கிலிருந்து வந்த நாடக ஆசிரியர். ஸ்டூடியோ அவரைச் சம்பளத்துக்கு அழைத்து வந்துவிட்டு அடியோடு மறந்துவிடுகிறது. வரவேற்பறையில் உட்கார்ந்தே கிடக்கிறார். எழுத வேலை இல்லை, சந்திக்க ஆள் இல்லை. கடைசியில் வேலை இல்லாமையாலேயே நரம்புத் தளர்ச்சி வந்து மருத்துவ விடுதிக்குப் போகிறார். நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அந்த வேடத்தில் நடித்தவர் காஃப்மனே.

இங்கே சிரிப்பு எதனால்? வசனம் ஒரு பங்குதான். பெரும் பங்கு, அவர் உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்துக்கொண்டே இருப்பதால் வருகிறது. மேடையில் மற்றவர்கள் பரபரப்பாக ஓடுகிறார்கள், அதே சட்டகத்தில் ஒரு மனிதர் அசையாமல் இருக்கிறார். புதியவர் இந்த இடத்தில் வேலின் முகத்துக்கு க்ளோஸ்-அப் வைத்து எழுதுவார். வைத்ததும் ஓட்டம் சட்டகத்தை விட்டு வெளியேறிவிடும். தனியாக ஒரு சோகமான முகம் மிஞ்சும். என் யோசனை: அறை முழுவதும் தெரியும் அகலமான ஷாட்டாக எழுதுங்கள், அதே கோணத்துக்கே திரும்பத் திரும்ப வாருங்கள். மணி மட்டும் மாறட்டும், நாள் மாறட்டும், ஆள் மாறக்கூடாது. காத்திருப்பைக் காட்ட, மேடைக்கு இல்லாத வசதி ஒன்று படத்துக்கு உண்டு: ஒரே வெட்டில் ஒரு வாரம் கடந்துவிடும்.

இப்படி ஒவ்வொரு கோட்டையும் பிரித்து எழுதினால், அப்படியே வருபவை, மாற்று தேட வேண்டியவை, கைவிட வேண்டியவை என்று மூன்று குவியல் கிடைக்கும். இரண்டாம் குவியல்தான் உங்கள் உண்மையான வேலை.

4. சிரிப்பவர் எங்கே நிற்கிறார் என்று முடிவுசெய்யுங்கள்

ஹாலிவுட் பற்றிய நாடகத்துக்கு மட்டும் வரும் சிக்கல் இது, மற்ற நாடகங்களுக்கு இல்லை. நியூயார்க் அரங்கில் உட்கார்ந்திருப்பவர், கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு ஊரைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தத் தூரம்தான் கிண்டலுக்குத் தைரியம் கொடுக்கிறது. படமாகும்போது, எந்த ஸ்டூடியோவைக் கேலி செய்கிறோமோ அதைப் போன்ற ஒன்றின் கேமராவும் விளக்கும் பணமும்தான் பயன்படுகின்றன. பார்ப்பவருக்கும் இது தெரியும்.

முன்னே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, யுனிவர்சல் 1932இல் செய்தது போல இலக்கை மாற்றாமல் வைத்திருப்பது. சொந்த வீட்டையே கேலி செய்கிறோம் என்ற துணிச்சலே படத்தின் சுவை ஆகிவிடும். ஆனால் பாதியில் பயந்து மென்மையாக்கக்கூடாது. ஸ்டூடியோ முதலாளி குளோகாவரை இரண்டாம் பாதியில் நல்லவராக மாற்றினால், முதல் பாதியின் சிரிப்பு முழுவதும் பொய்யாகிவிடும்.

இரண்டாவது வழி, இலக்கையே மாற்றுவது. ஜார்ஜ் ஆக்சல்ராட் எழுதிய 'வில் ஸக்ஸஸ் ஸ்பாயில் ராக் ஹன்டர்?' 1955இல் பிராட்வேயில் 444 காட்சிகள் ஓடிய ஹாலிவுட் கிண்டல். ஒரு சினிமாப் பத்திரிகை எழுத்தாளர், வெற்றிக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானான முகவரிடம் விற்கிற கதை. 1957இல் ஃபிராங்க் டாஷ்லின் அதை டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்குப் படமாக்கியபோது தலைப்பையும், நடிகை ஜெயின் மான்ஸ்ஃபீல்டையும், அவர் நடித்த நட்சத்திர வேடத்தையும் வைத்துக்கொண்டு மற்றதை ஏறக்குறைய முழுவதும் தூக்கி எறிந்தார். கிண்டல் விளம்பர உலகத்தின் மேலும் தொலைக்காட்சியின் மேலும் திரும்பியது. படத்தின் நடுவே கதாநாயகன் டோனி ராண்டல் நிறுத்தி, தொலைக்காட்சி ரசிகர்களுக்காக என்று சொல்ல, அகலத்திரை சுருங்கிச் சின்னப் பெட்டி அளவுக்கு வந்துவிடும். மேடையில் செய்யவே முடியாத சிரிப்பு அது.

எந்த வழி மேல் என்று கேட்டால், நாடகத்தின் முதுகெலும்பு பலமாக இருந்தால் முதல் வழி என்பேன். எதுவாக இருந்தாலும் இப்போதே முடிவுசெய்யுங்கள். வசனம் எழுத ஆரம்பித்த பிறகு முடிவுசெய்தால் ஒவ்வொரு காட்சியும் ஒவ்வொருவரைப் பார்த்துச் சிரிக்கும்.

5. ஆண்டைப் பூட்டுங்கள்

'இதை இன்றைய காலத்துக்கு மாற்றிவிடலாமே' என்று டிஸ்கஷனில் யாராவது சொல்வார்கள். சரி, மாற்றலாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்தக் கதையில் முட்டாள்கூட ஜெயிக்க முடிகிறதே, ஏன்?

1927–28இல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நட்சத்திரங்கள் தங்கள் குரலுக்குப் பயந்தார்கள், முதலாளிகள் பக்கத்து ஸ்டூடியோவுக்குப் பயந்தார்கள். பேசும் படத்துக்கு எது தேவை என்று ஒருவரும் அறியாதபோது, தெரிந்ததுபோல் நடந்துகொள்கிற யாரும் நிபுணர்தான். அந்தப் பீதிதான் மூன்று பேரின் போலிப் பள்ளிக்குக் கதவைத் திறக்கிறது.

காலத்தை மாற்றினால், அதே அளவு பீதியைக் கொடுக்கும் மாற்றம் ஒன்று உங்கள் காலத்திலும் இருக்க வேண்டும். கைபேசியும் சமூக ஊடகமும் இருப்பது மட்டும் போதாது. மேலே இருப்பவரின் அனுபவம் ஒரே இரவில் செல்லாக்காசு ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால் பழைய ஆண்டிலேயே விட்டுவிடுங்கள்.

6. சிரிப்பை எடுத்துவிட்டு ஒன்லைன் போடுங்கள்

இப்போது நகைச்சுவையை முழுவதும் ஒதுக்கிவைத்து, எது நடந்ததால் அடுத்தது எது நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு பக்கம் தாண்டக்கூடாது.

எழுதினால் தெரியும், இந்த நாடகத்தில் திருப்பங்கள் எல்லாம் ஜார்ஜ் வழியாகவே வருகின்றன. வேல் தன்னிடம் கொட்டிய ஆத்திரப் பேச்சை அவன் முதலாளியிடம் அப்படியே ஒப்பிக்கிறான். முதலாளி அதை நேர்மை என்று மெச்சிப் பெரிய பொறுப்பில் உட்கார வைக்கிறார். அவன் தவறான கதையைப் படமாக எடுத்துவிடுகிறான், விளக்குப் போடவும் மறக்கிறான், படப்பிடிப்பு முழுக்கக் கொட்டையைக் கடித்து உடைத்த சத்தமும் பதிவாகிவிடுகிறது. விமர்சகர்கள் அதைப் புதுமை என்று கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வருகிறது. 'அப்புறம்' என்று தொடங்கும் வரி உங்கள் ஒன்லைனில் அதிகம் இருந்தால் கண்ணி அறுந்திருக்கிறது. 'அதனால்' என்று தொடங்க முடிகிறதா என்று பாருங்கள்.

இந்தக் கட்டத்திலேயே அமைதியான காட்சிகளுக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். இதற்கான காரணம் நாடகத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. நியூயார்க்குக்கு வருவதற்கு முன் வெளியூர்களில் போட்டுப் பார்த்தபோது மூன்றாம் அங்கம் தூங்கி வழிந்தது. எவ்வளவு நகைச்சுவை சேர்த்தும் நிமிரவில்லை. தயாரிப்பாளர் சாம் ஹாரிஸ்தான் மாஸ் ஹார்ட்டிடம் விஷயத்தைச் சொன்னார்: நாடகம் ஓயாமல் சத்தம் போடுகிறது, இரண்டு பேர் உட்கார்ந்து அமைதியாகப் பேசும் இடமே இல்லை. ஹார்ட் தன் சுயசரிதையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெரும் செலவில் போட்ட கேளிக்கை விடுதி செட்டைத் தூக்கிவிட்டு, ஊர் திரும்பும் ரயிலில் ஓர் அமைதியான காட்சியை வைத்த பிறகே நாடகம் நிமிர்ந்து நின்றது.

படத்துக்கு நீளத்தைக் குறைக்கும்போது புதியவர் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட காட்சியைத்தான், 'ஸ்லோவாக இருக்கிறது' என்று. வெட்டாதீர்கள். அடுத்த சிரிப்புக்குப் பார்ப்பவர் மூச்சு வாங்குவது அங்கேதான். வெட்ட வேண்டுமென்றால் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கூச்சல் காட்சிகளில் ஒன்றை வெட்டுங்கள்.

7. இப்போது வெளியே போகலாம்

எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது? மேடையில் ஒருவர் ஓடி வந்து சொல்கிற ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எடுத்து, 'கண்ணால் பார்த்தால் இன்னும் சிரிப்பு வருமா, கேட்டால் வருமா?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவான விதி கிடையாது.

ஜார்ஜ் எடுத்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திரையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்ட ஆசை வரும். விளக்கில்லாத படத்தைப் பார்க்க என்ன இருக்கிறது? இருட்டு மட்டும். சில நொடி கறுப்புத் திரை போதும், அதன்மேல் 'டக்... டக்...' என்று கொட்டை உடையும் சத்தம். பிறகு பார்ப்பவர் முகங்களுக்குத் திரும்புங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும் முதலாளி, தன் பையில் கைவிட்டு இன்னொரு கொட்டையை எடுக்கும் ஜார்ஜ். சிரிப்பு அங்கே இருக்கிறது.

படப்பிடிப்பைக் காட்டுவதும் அப்படித்தான். மேடையில் ஸ்டூடியோ என்பது வண்ணம் பூசிய தட்டி. படத்தில் நிஜமான தளத்தையே காட்ட முடியும், அந்த நிஜம் ஒரு பெரிய பலம். தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி, கே. பாலசந்தரின் மேடை நாடகத்திலிருந்து வந்த 'சர்வர் சுந்தரம்' (1964). 'அவளுக்கென்ன' பாட்டில் எம். எஸ். விஸ்வநாதன் இசைக்குழுவை நடத்துவதும் டி. எம். சௌந்தரராஜன் மைக் முன் பாடுவதும் அப்படியே வருகின்றன. சினிமா தயாராகும் விதத்தைக் காட்டுவதே காட்சியின் சுவாரசியம் ஆகிவிட்டது.

நட்சத்திரக் குறி போட்ட காட்சிகளை மட்டும் வெளியே கொண்டு போகாதீர்கள். ரயில் பெட்டிக்குள் இரண்டு பேர் பேசுவது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

8. சிரிப்புக்கு இடம் விட்டு எழுதுங்கள்

மேடை நடிகர், சிரிப்பு அடங்கும்வரை நின்று அடுத்த வசனத்தைப் பேசுவார். படத்தில் அது நடக்காது. இன்றைக்கு எடுத்து முடித்த ஷாட், அரங்கு எவ்வளவு சிரித்தாலும் நிற்காமல் ஓடும். முக்கியமான அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கினால் கதையே புரியாது.

இதற்கு ஹாலிவுட் ஸ்டூடியோ எம்.ஜி.எம். செய்த ஏற்பாடு இன்றும் உதவும். காஃப்மன் பங்கெடுத்து எழுதிய 'எ நைட் அட் தி ஆபரா' (1935) படத்துக்கு முன், அதில் நடித்த நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களைப் பல ஊர் மேடைகளுக்கு அனுப்பி, படத்தின் காட்சிகளை நேரில் நடித்துக்காட்ட வைத்தார்கள். எங்கே சிரிப்பு வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப எழுத்தைத் திருத்தினார்கள்.

நீங்கள் ஊர் ஊராகப் போக வேண்டாம். நாடகத்தைப் பார்த்திராத இருபது பேரைக் கூட்டி வாசித்துக்காட்டி, கைபேசியில் பதிவுசெய்யுங்கள். நீண்ட சிரிப்பு வந்த இடங்களுக்குப் பிறகு வசனமில்லாத ஒரு செயலை எழுதுங்கள்: ஒருவர் கண்ணாடியைத் துடைக்கிறார், மற்றவர் திரும்பிப் பார்க்கிறார். அதிகம் சிரித்தால் அந்தச் செயல் சிரிப்புக்குள் போய்விடும். சிரிக்கவில்லை என்றாலும் காலியாகத் தெரியாது. 'இங்கே சிரிப்புக்காக நிறுத்தவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். சிரிப்பு வராத அரங்கில் அந்த இடைவெளி தாங்க முடியாமல் இருக்கும்.

9. பெயர்களைச் சரிபாருங்கள்

இந்த வகை நாடகங்களில் பாத்திரங்கள் நிஜ ஆட்களின் சாயலில் இருப்பது வழக்கம். நம் நாடகத்தில் வரும் பத்திரிகையாளர் ஹெலன் ஹோபர்ட்டைப் பார்த்த அன்றைய ரசிகர்களுக்கு, ஹாலிவுட் கிசுகிசு எழுதிய லூயெல்லா பார்சன்ஸ் நினைவுக்கு வந்திருப்பார். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் பாத்திரத்துக்கு உயிரோடு இருப்பவரின் பெயர், பழக்கம், நடந்த சம்பவம் மூன்றையும் சேர்த்து வைக்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம். பார்ப்பவர் 'இது இவர்தானே' என்று கண்டுபிடிப்பதில் மூழ்கிக் கதையை விட்டுவிடுவார் என்பது இன்னொரு பக்கம்.

10. முதல் பிரதியை யாரிடம் கொடுப்பது

நாடகத்தை அறிந்த ஒருவர், அறியாத ஒருவர், இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். அறிந்தவரிடம் 'எது இல்லாமல் குறையாக இருந்தது?' என்று மட்டும் கேளுங்கள். அறியாதவரிடம் கதையை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். அவர் 'அப்புறம்... அப்புறம்...' என்று தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு உங்கள் ஒன்லைனோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய எப்போதும், நீங்கள் வெளியே போன காட்சி ஒன்று அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கும். முதலில் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பிறகு அடுத்த பிரதியைத் தொடங்குங்கள்.